தனசேகருக்குத் தொடை எலும்பு முறிந்த கதை

1. பெயரை அடிக்கச் சொன்னார்

தனசேகர் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்த அன்றுதான், உறுப்பினர் ரெஜிஸ்டரிலிருந்து அவர் பெயரை அடித்துவிடும்படி எனக்கு உத்தரவு வந்தது. போனில் வந்த உத்தரவு. எழுத்தில் கொடுக்கிற தைரியம் எங்கள் சூப்பரின்டென்டென்ட் ராமபத்ரனுக்கு எப்போதுமே இருந்ததில்லை.

"ஸ்டெல்லா, தனசேகர் பேரை எடுத்துடுங்கோ. ராஜினாமான்னு காரணம் எழுதிடுங்கோ. தேதி மட்டும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாளா இருக்கட்டும்" என்றார்.

"சார், அவர் பொழச்சுட்டார்" என்றேன். ஆஸ்பத்திரியில் கிடப்பவர் பெயரைச் செத்த பிறகுதான் அடிப்பது வழக்கம், விஷயம் தெரியாமல் பேசுகிறாரோ என்று நினைத்தேன்.

"தெரியும். பொழச்சதனாலதான் சொல்றேன்" என்றார்.

பிழைத்த குற்றத்துக்காக ஒருவரை நீக்குகிற சங்கம் உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் சங்கத்தில் அது நடந்தது, அல்லது நடக்கப் பார்த்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் டிவிஷனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

2. விசில் பாக்கி

மயிலாப்பூரில் லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எங்கள் ஆபீஸ். தொண்டர் முதலுதவிப் படை. ஆண்களுக்கு ஆம்புலன்ஸ் டிவிஷன், பெண்களுக்கு நர்சிங் டிவிஷன். ஆம்புலன்ஸ் டிவிஷனில் யாருக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டத் தெரியாது. நர்சிங் டிவிஷனில் யாரும் நர்ஸ் கிடையாது. பேங்கிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சீருடை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் எல்லோரும். நான் சாந்தோம் பக்கத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். இங்கே சேர்ந்த நாளிலிருந்து சிஸ்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று புகழ்ந்து ரெஜிஸ்டர்களையெல்லாம் என் தலையில் கட்டினார்கள்.

வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சேர்ந்த ரெஜிஸ்டர்கள். பெயர், முகவரி, தொழில், சேர்ந்த தேதி, வருடாந்தரப் பரீட்சை, நீக்கிய காரணம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். நீக்கிய காரணம்தான் படிக்க ருசியானது. நர்சிங் டிவிஷனில் பாதிப் பேருக்கு ஒரே காரணம்: கல்யாணம். கல்யாணமான பெண்ணுக்கு அடுத்த நாளே கட்டுப்போடத் தெரியாமல் போய்விடும் என்று அந்தக் காலத்தில் நம்பியிருக்கிறார்கள் போல. ஆண்களுக்குக் கல்யாணம் ஒரு தடையாக இருந்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு வேறு காரணங்கள்: அணிவகுப்புக்கு வரவில்லை, பரீட்சைக்கு வரவில்லை, சீருடையைத் திருப்பித் தரவில்லை.

இப்போதெல்லாம் பரம்பரை தேடுவது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. அடையாறிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கையில் சட்டம் போட்ட போட்டோ. சீருடையில் மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு தாத்தா. "யுத்தத்தப்போ குண்டு விழறச்சே எங்க தாத்தா ஸ்ட்ரெச்சர் தூக்கியிருக்கார், அதுக்கு ரெக்கார்ட் வேணும்" என்பார்கள். நான் அலமாரியிலிருந்து எடுத்துப் பார்ப்பேன். தாத்தா சேர்ந்திருப்பார், போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார், அதற்கப்புறம் வந்திருக்க மாட்டார். 'நீக்கம். தொப்பி, விசில் பாக்கி' என்று அப்போதைய சூப்பரின்டென்டென்ட் அழகாக எழுதி வைத்திருப்பார்.

அடையாறு குடும்பம் ஒன்று, அந்தக் கட்டத்தை மட்டும் மறைத்து ஜெராக்ஸ் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டது. முடியாது என்றேன். வீட்டில் விசில் இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள் என்றும் சொன்னேன். அவர்கள் அப்புறம் வரவில்லை, விசிலும் வரவில்லை.

ரெஜிஸ்டரில் எனக்கு இருந்த ஒரே கொள்கை இதுதான். நடந்ததை எழுதுவேன், எழுதியதை மறைக்க மாட்டேன். இதைப் பெரிய தர்மமாகச் சொல்லவில்லை. கணக்கு டீச்சருக்கு விடையை மாற்றி எழுத வராது, அவ்வளவுதான்.

3. பேஷன்ட்

முதலுதவிப் பயிற்சிக்கு ஸ்ட்ரெச்சர் தூக்க நான்கு பேர் வேண்டும். ஐந்தாவதாக ஒருவர் வேண்டும், தூக்கப்படுவதற்கு. அவருக்குப் பேஷன்ட் என்று பெயர். நடுவர் ஒரு கேஸ் கார்டைக் கொடுப்பார். அதில் 'வலது தொடை எலும்பு முறிவு' என்றோ 'பாம்புக் கடி' என்றோ போட்டிருக்கும். பேஷன்ட் அதைப் படித்துவிட்டு அதற்கேற்றபடி துடிக்க வேண்டும். நான்கு பேரும் அதற்கேற்றபடி கட்ட வேண்டும்.

பேஷன்ட் வேலைக்கு யாரும் வர மாட்டார்கள். வெயிலில் மண்ணில் கிடக்க வேண்டும். சீருடை அழுக்காகும். போட்டோவில் முகம் விழாது. ஆகவே அது ஒல்லியாக இருக்கிறவர் தலையில் விழும். எங்கள் டிவிஷனில் அது தனசேகர்.

தனசேகர் கோடம்பாக்கத்துக்காரர். சினிமாவில் துணை நடிகர். சண்டைக் காட்சியில் கீழே கிடக்கிற கூட்டத்தில் ஒருவராக எத்தனையோ படத்தில் கிடந்திருக்கிறார். ஷூட்டிங்கில் ஒருமுறை யாருக்கோ அடிபட்டு, கட்டுப்போட ஆளில்லாமல் ரத்தம் போனதைப் பார்த்துவிட்டு, நாமாவது கற்றுக்கொள்வோம் என்று எங்களிடம் வந்தார். பரீட்சை எழுதி முறையாகப் பாஸ் செய்தார். அத்தோடு அவர் கட்டுப்போட்டது முடிந்தது. ஒருநாள் பேஷன்ட் வராமல் போக, "தனசேகர், நீ செத்த படு" என்றார் ராமபத்ரன். நன்றாகப் படுத்தார். அன்றிலிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் படுத்துக்கொண்டே இருந்தார்.

அவர் படுத்தால் நடுவர்களே எழுந்து நின்றுவிடுவார்கள். அப்படி ஒரு அலறல். "ஐயோ, அம்மா, காலு போச்சே, யாராச்சும் வாங்களேன்" என்று அவர் கத்துகிற கத்தலில் தெருவில் போகிறவர்கள் சுவரேறிப் பார்ப்பார்கள். கோப்பைகள் வரிசையாக வந்தன. கோப்பையை வாங்குவது ராமபத்ரன். கோப்பையோடு எடுத்த போட்டோக்களில் தனசேகர் கிடையாது, அந்த நேரத்தில் அவர் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருப்பார்.

ராமபத்ரன் ஆழ்வார்பேட்டையில் ஆடிட்டர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தோளில் நட்சத்திரம் வைத்த சட்டையைப் போட்டுவிட்டால் அவருக்குள் ஒரு ஜெனரல் புகுந்துவிடுவார், அதுதான் சங்கடம். முதலுதவிப் புத்தகத்தை மனப்பாடமாகச் சொல்லுவார். நிஜ ரத்தத்தைப் பார்த்தால் சோடா கேட்பார். பங்குனித் திருவிழா டூட்டியில் எங்கள் முகாமில் மயங்கியவர்களுக்கெல்லாம் நாங்கள் செய்த சிகிச்சை, பாதிக்கு மேல் சோடாதான். ரெஜிஸ்டரிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

அந்த வருஷம் தனசேகருக்கு நீண்டகாலச் சேவை மெடல் வர வேண்டிய முறை. ஒரு வருஷம்கூட விடாமல் ரெஜிஸ்டரில் பெயர் இருந்தால்தான் அது கிடைக்கும். அவருக்கு இருந்தது. போகும்போதும் வரும்போதும் "சிஸ்டர், என் மெடலு இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தலைமையகத்துக்குப் போகிற வருடாந்தர ரிட்டர்னோடு சிபாரிசும் போகும், கவலைப்படாதீர்கள் என்பேன்.

4. நெஞ்சில் முதல் கட்டு

அதற்குள் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. மயிலாப்பூரில் ஒரு பள்ளி மைதானம். தலைமையகத்திலிருந்து ஒரு டாக்டர் நடுவராக வந்திருந்தார். ஷாமியானா, மேடை, ரிப்பன் எல்லாம் உண்டு. எங்கள் ஒரே ஆம்புலன்ஸைக் கழுவி, மாலை போட்டு, மேடைக்குப் பின்னால் அழகுக்கு நிறுத்தியிருந்தார்கள். நான் வருகைப் பதிவேட்டோடு ஓரமாக மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

தனசேகர் வரும்போதே முகம் சரியில்லை. "காலைல ஒண்ணியும் சாப்டல சிஸ்டர், வாயு புட்சிக்கினு கீது" என்றார். படுக்க வேண்டாம் என்றேன். "மெடலு வர்ற வருசம், இன்னிக்கிப் போய் லீவு போடச் சொல்றியேம்மா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கேஸ் கார்டு வந்தது. வலது தொடை எலும்பு முறிவு. தனசேகர் மண்ணில் படுத்தார். ராமபத்ரன் விசில் ஊதினார். நான்கு பேரும் மடிப்புக் கலையாமல் ஓடிப்போய் முட்டி போட்டார்கள்.

தனசேகர் அலறவில்லை. அதுவே எனக்கு விநோதமாக இருந்தது. மெல்ல, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னார். நான்கு பேரும் திரும்பி ராமபத்ரனைப் பார்த்தார்கள்.

"என்னவாம்?" என்றார் அவர்.

"நெஞ்சு வலிக்குதாம் சார்."

"நெஞ்சா? கார்டுல தொடைன்னா போட்டிருக்கு. தனசேகர், கேஸை மாத்தப்படாது. தொடையைச் சொல்லு."

"நெஜமாத்தான் சார். எடது கையெல்லாம் வலிக்கிது."

"எந்தக் கையானா என்ன, கார்டுல கை இல்லையே. ஸ்குவாட், ப்ரொசீட்!"

தொடை எலும்பு முறிவுக்கு எங்கள் புத்தகத்தில் உள்ள முறை இது. அக்குளிலிருந்து பாதம் வரை ஒரு நீளக் கட்டையை வைத்து, முக்கோணத் துணிகளால் உடம்போடு சேர்த்துக் கட்ட வேண்டும். முதல் கட்டு நெஞ்சைச் சுற்றி. அதை இறுக்கிக் கட்ட வேண்டும் என்று புத்தகமே சொல்கிறது. நெஞ்சு வலி என்று சொன்ன மனிதருக்கு, அந்த நெஞ்சிலேயே முதல் கட்டைப் போட்டார்கள், நன்றாக இறுக்கி. அப்புறம் இடுப்பு, கணுக்கால், தொடை, முட்டி என்று வரிசை தவறாமல் கட்டினார்கள். அவ்வளவு நேர்த்தியாக அவர்கள் என்றைக்கும் கட்டியதில்லை.

நடுவராக வந்தவர் டாக்டர். ஆனால் அவர் கையில் மார்க் ஷீட் இருந்தது. குனிந்து ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுப் பார்த்தார். முகத்தைப் பார்க்க மார்க் கிடையாது. 'பேஷன்ட் கார்டுப்படி நடிக்கவில்லை' என்று எழுதி ஒரு மார்க்கைக் குறைத்தார்.

நான் எழுந்து போனேன். "சிஸ்டர், கோட்டுக்குள்ள வரப்படாது" என்று ராமபத்ரன் கத்தினார். சுண்ணாம்புக் கோட்டை மிதித்துக்கொண்டு போய்த் தனசேகரின் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த நடிகனாலும் அப்படி வியர்க்க முடியாது. "டாக்டர், மார்க்கை அப்புறம் போடுங்க, இவர் மூஞ்சியைப் பாருங்க" என்றேன். என் வாழ்நாளில் ஒரு டாக்டரிடம் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. அவர் பார்த்தார். மார்க் ஷீட் கீழே விழுந்தது.

"ஆம்புலன்ஸ்!" என்றார் டாக்டர். ஆம்புலன்ஸ் இருந்தது. அதற்கு முன்னால் மேடையும் இருந்தது. மேடையைப் பிரிக்காமல் அது வெளியே வர வழியில்லை. இருபது வருஷமாக ஒரு நிஜ பேஷன்டை ஏற்றாத வண்டிக்கு வழி விட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நான் கேட்டுக்கு ஓடிப்போய் ஒரு ஆட்டோவை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன். தனசேகரை ஏற்ற முடியவில்லை. கட்டையோடு சேர்த்துக் கட்டிய ஆளை ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்க முடியாது. கட்டுகளை அவிழ்க்கலாம் என்றால் முடிச்சு விடவில்லை. எங்கள் முதலுதவிப் பெட்டியில் கத்தரிக்கோல் இல்லை, ரிப்பன் வெட்டுவதற்காக மேடைக்குப் போயிருந்தது. ஆட்டோக்காரர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கத்தியை எடுத்து ஒவ்வொன்றாக அறுத்தார்.

"காலு ஒடஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"இல்லப்பா, நெஞ்சு வலி."

"அப்ப காலை ஏம்மா இப்டி கட்டி வெச்சிக்கீறாங்க?"

"சீக்கிரம் அறுங்க" என்றேன். தனசேகர் அந்த நிலைமையிலும் சிரிக்கப் பார்த்தார்.

அவரை உட்கார வைத்து, டாக்டரும் நானும் இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டோம். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட தெருக்களில் அந்த ஆட்டோக்காரர் எப்படிப் புகுந்து போனார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகம் வந்தது.

5. பொதுமக்கள்

இப்போது ராமபத்ரனின் போனுக்கு வருகிறேன்.

வருடாந்தர ரிட்டர்னில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று, 'சிகிச்சை அளிக்கப்பட்ட பொதுமக்கள்'. அதில் எண்ணிக்கை கூடினால் டிவிஷனுக்குப் பெருமை. இன்னொன்று, 'பணியின்போது உறுப்பினருக்கு நேர்ந்த தீங்கு'. அதில் ஏதாவது எழுதினால் விளக்கம் கேட்பார்கள். தனசேகர் உறுப்பினராக இருந்தால் இரண்டாவது கட்டம். உறுப்பினராக இல்லாவிட்டால் முதல் கட்டம். முதல் கட்டமென்றால், மாரடைப்பு வந்த பொதுமக்களில் ஒருவரை எங்கள் டிவிஷன் காப்பாற்றியது என்று ஆகும். அப்படிக் காப்பாற்றிய அதிகாரிக்குத் தலைமையகம் ஒரு பாராட்டுப் பட்டயம் கொடுக்கும்.

ராமபத்ரன் ஆபீஸுக்கு நேரில் வந்து இதை எனக்கு விளக்கினார். விபூதி, சந்தனம், நல்ல மூட்.

"யோசிச்சுப் பாருங்கோ ஸ்டெல்லா. நம்ம டிவிஷனுக்கு எவ்வளவு நல்ல பேர்! தனசேகரையும் விட்டுடப் போறதில்லை. ஆண்டு விழாவுல மேடையேத்தி, 'நாங்க காப்பாத்தின உயிர்'னு சால்வை போர்த்தறோம். பேப்பர்ல போட்டோ வரும். மெடல் போட்டா எவன் போட்டோ எடுக்கப் போறான்?"

"முப்பது வருஷச் சர்வீஸ் சார்."

"என்ன சர்வீஸ்? படுத்துண்டிருந்தார். அவ்வளவுதானே?"

"நீங்க நின்னுண்டிருந்தீங்க" என்றேன். அவருடைய பாஷை எனக்குக் கோபம் வந்தால் தானாக வரும். அவர் அதைக் கேட்காத மாதிரி மின்விசிறியைப் பார்த்தார். தனசேகரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

தனசேகரை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். சால்வையைப் பற்றியும் சொன்னேன், மறைக்கவில்லை.

"சினிமாவுல எத்தினியோ தபா செத்துக்கீறேன் சிஸ்டர். ஒரு படத்துலயும் பேரு போடல. உங்க ரிஜிஸ்டர்ல ஒண்ணுலதான் வருசா வருசம் பேரு எழுதிக்கினு வர்றாங்க. ஊட்டாண்ட யாரு கேட்டாலும் நான் ஆம்புலன்ஸ் டிவிசன் மெம்பர்னு சொல்லுவேன். துணை நடிகர்னு சொல்ல மாட்டேன். அதியும் அட்ச்சிட்டா, நான் இன்னான்னு சொல்றது?"

சால்வை வேண்டாமா என்று கேட்டேன்.

"பொணமா நடிச்சிட்டேன், பேசண்டாவும் நடிச்சிட்டேன். அவரு காப்பாத்துன ஆளா நடிக்கச் சொன்னா அது மட்டும் வராது சிஸ்டர். நெஞ்சு வலி வந்துரும்."

6. காரணம்

அன்று சாயங்காலம் ரிட்டர்னை எழுதினேன். என்னுடைய நல்ல கையெழுத்தில், யார் படித்தாலும் புரிகிற மாதிரி.

சிகிச்சை அளிக்கப்பட்ட பொதுமக்கள்: மயக்கம், சோடா கொடுக்கப்பட்டது. மாரடைப்பு: யாருமில்லை.

பணியின்போது உறுப்பினருக்கு நேர்ந்த தீங்கு: ஒன்று. பெயர்: தனசேகர். காரணம்: முதலுதவி.

கீழே நீண்டகாலச் சேவை மெடலுக்கான சிபாரிசையும் சேர்த்தேன். எடுத்துக்கொண்டு ராமபத்ரன் வீட்டுக்குப் போனேன். ஏமாற்றி வாங்கினேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதால், "சார், முழுக்கப் படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று இரண்டு தரம் சொன்னேன்.

"நான் என்னிக்குப் படிச்சேன்? உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றார். பேனாவைத் திறந்தார், கையெழுத்துப் போட்டார், முத்திரை வைத்தார். ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்க்கிற ஆடிட்டர். அவரை நம்பிக் கணக்குக் கொடுக்கிறவர்களை நினைத்துக் கொஞ்சம் கவலையாக இருந்தது.

தலைமையகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்றில் தனசேகருக்கு மெடல் அனுமதிக்கப்பட்டிருந்தது. இன்னொன்றில், முதலுதவியால் உறுப்பினருக்கு எப்படித் தீங்கு நேரும் என்று சூப்பரின்டென்டென்ட் விளக்க வேண்டும், விளக்கிவிட்டு அடிப்படைப் பரீட்சையை மறுபடியும் எழுத வேண்டும் என்று இருந்தது.

ராமபத்ரன் கடிதத்தை ஆட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். "என்ன காரியம் பண்ணியிருக்கேள் ஸ்டெல்லா? என் மானமே போயிடுத்து!"

"இதுல எது சார் பொய்?" என்று நகலை அவர் முன்னால் வைத்தேன். முதல்முறையாக ஒரு ரிட்டர்னை ஆதியோடந்தமாகப் படித்தார். இரண்டாவது தரமும் படித்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து சோடா கிடைக்குமா என்று கேட்டார்.

7. மெடல்

ஆண்டு விழாவில் தனசேகர் மேடைப்படியில் நின்று நின்று ஏறி வந்தார். சீருடை உடம்பில் தொங்கியது. பெயரைப் பதவியோடும் எண்ணோடும் சேர்த்து நான்தான் மைக்கில் வாசித்தேன். இதுவரை போட்டோவில் விழாத முகம் நேராக கேமராவைப் பார்த்தது.

மெடலைக் குத்த வேண்டியது ராமபத்ரன். இடது பக்கம், நெஞ்சுக்கு மேலே. ஊசியைச் சட்டையில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மைக் திறந்திருப்பது அவருக்குத் தெரியாது.

"இங்கே உங்களுக்கு வலிக்கறதா?" என்று கேட்டார்.

தனசேகர் அவரைப் பார்த்தார். "இப்ப இல்ல சார். அன்னிக்குத்தான்" என்றார்.

ஹாலில் யாரும் கைதட்டவில்லை, எனக்கும் கை வரவில்லை. ராமபத்ரன் மெடலைக் குத்திவிட்டு, புத்தகத்தில் உள்ளபடி விறைப்பாக சல்யூட் அடித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளப் புத்தகத்தில் முறை எதுவும் இல்லை, அதனால் துடைக்காமலே இறங்கினார்.

இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வகுப்பு நான் எடுக்கிறேன். கட்டுத் துணியைத் தொடவே விடுவதில்லை. "எங்கே வலிக்குது?" என்று கேட்கச் சொல்கிறேன். பிறகு அந்த ஆள் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறேன். முதலாவது எல்லோருக்கும் வந்துவிடுகிறது. இரண்டாவது லேசில் வருவதில்லை. மறுபரீட்சைக்காக வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆடிட்டருக்கு அது மூன்றாவது தடவைதான் வந்தது.